கிட்டாருக்குப் பல் கட்டியவள்

அத்தானுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிட்டார் வாசித்துத்தான் பழக்கம். கேட்பவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதைப் பார்க்காமல் இருக்க அது ஒரு நல்ல வழி என்று அக்கா சொல்வாள். கட்டிய மனைவி, சொல்லலாம். கூடத் தங்கியிருக்கும் மச்சினி சொல்லலாமா? சொன்னாள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

"அவ்வளவு சுலபம்னா நீயே வாசிச்சுக் காட்டேன், நொட்டாங்கை," என்று கிட்டாரை அவள் மடியில் வைத்தார் அத்தான்.

நொட்டாங்கை என்பது அவர் வைத்த பெயர். எழுதுவது, நறுக்குவது, பூட்டைத் திறப்பது எல்லாம் அவளுக்கு இடது கைதான். பல் செட் செய்யும் லேப்பில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுக்கு ஏற்ப, ஈறு நிறப் பிசினில் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, அரம் போட்டு, மெருகேற்றி அனுப்புவாள். ஊரில் எத்தனையோ பேர் அவள் கைவேலையை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் வாயைத் தெரியுமே தவிர ஆளைத் தெரியாது.

எல்லோரும் பிடிக்கிற மாதிரியே கிட்டாரைப் பிடித்துப் பார்த்தாள். இடது விரல்கள் கம்பிகளை அமுக்கிவிட்டன. தாளம் போட வேண்டிய வலது கையோ ஈ ஓட்டியது. கிட்டாரைத் திருப்பிப் பிடித்தாள். கைக்குச் சுகமாக இருந்தது, ஆனால் மேலே இருக்க வேண்டிய தடிக் கம்பி கீழே போய்விட்டது.

"கம்பியை எல்லாம் இடம் மாத்திக் கட்டினா எனக்கு வரும், அத்தான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கை எதுவா இருந்தா என்ன? மனசு வச்சா போதும்."

இந்த 'மனசு வச்சா போதும்' பள்ளிக்கூடத்திலிருந்தே அவள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு. வலது கைக்காரர்கள் ஒரு கத்தரிக்கோலைப் பிடிக்க மனசு வைத்ததாக அவள் பார்த்ததே இல்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"வாசிச்சுட்டா?"

"ஒரே ஒரு பாட்டு. நான் ட்ரெய்னிங் முடிஞ்சு வர்றதுக்குள்ள என் கிட்டார்ல ஒரு பாட்டை முழுசா வாசி, கிட்டாரை உனக்கே குடுத்துடறேன். முடியலேன்னா இனிமே அதைத் தொடக் கூடாது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வாசிக்கும்போது எதிர்ல உக்காந்து கடைசிவரைக்கும் கேக்கணும்."

"பாவங்க அவ, சின்னப் பொண்ணு," என்றாள் அக்கா. தண்டனையின் கொடுமை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அத்தான் பெட்டியோடு வெளியூர் கிளம்பினார். தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், இங்கே கம்பிகள் அத்தனையும் கழன்றுவிட்டன.

மாற்றிக் கட்டியதும்தான் சிக்கல் தெரிந்தது. கிட்டாரின் கழுத்து முனையில், கம்பிகள் உட்கார ஒரு சின்னப் பட்டை இருக்கும். தடிக் கம்பிக்கு அகலப் பள்ளம், மெல்லிய கம்பிக்குக் குறுகிய பள்ளம். இப்போது தடிக் கம்பி குறுகிய பள்ளத்தில் உட்காராமல் முரண்டு பிடித்தது. மெல்லிய கம்பி அகலப் பள்ளத்தில் கிடந்து கரகரத்தது. வேறு யாராவது என்றால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் அந்தப் பட்டையைக் கழற்றி லேப்புக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு நேரத்தில், மிச்சமிருந்த ஈறு நிறப் பிசினில் அதே அளவுக்கு ஒன்று வார்த்து, பல்லுக்குப் போடும் அரத்தால் பள்ளங்களை இடம் மாற்றி ராவினாள். பசை போடவில்லை. பந்தயத்தில் தோற்றால் பழையதை மாட்ட வேண்டுமே. கம்பிகளின் இறுக்கத்திலேயே அது கச்சிதமாக நின்றது.

"என்னடி இது, கிட்டாருக்குப் பல் கட்டிட்டியா?" என்றாள் அக்கா.

பாடம் வீடியோவில். அங்கேதான் அவளுக்கு ஒரு யோகம் காத்திருந்தது. திரையில் எதிரே உட்கார்ந்து சொல்லித்தருகிற வலது கைக்காரர், இடக்கைக்காரிக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருந்தார். அவர் செய்வதை அப்படியே செய்தால் போதும். வலது கை விரல் நுனிகள் சிவந்து, எரிந்து, காய்த்தன. விரல்களை மூன்றே விதமாக மாற்றி வைத்தால், அதாவது மூன்றே கார்டில், முடிகிற ஒரு சின்னப் பாட்டு, முதலில் நொண்டியது, பிறகு நடந்தது.

"இவர் வாசிச்சா பக்கத்து வீட்டு ஜன்னலை அடிச்சுச் சாத்துவாங்க. நீ ஆரம்பிச்சதுலேருந்து திறந்தே கிடக்குடி," என்றாள் அக்கா.

ஞாயிறன்று வர வேண்டிய அத்தான் சனிக்கிழமையே வந்து நின்றார். தனியாக வந்திருந்தால் பரவாயில்லை, மேனேஜரின் காரில், மேனேஜரோடு வந்தார். அடுத்த பதவி உயர்வு யாருக்கு என்று முடிவு செய்கிற மேனேஜர். ஆபீசில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, உதட்டைத் திறக்காமலே பேசுவார் என்று அத்தான் அடிக்கடி சொல்வதுண்டு. வழி நெடுகத் தன் கிட்டார் பெருமையை அளந்து கூட்டி வந்திருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

அவள் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடி வருவதற்குள் கிட்டார் அத்தான் மடிக்குப் போய்விட்டது.

"அத்தான், ஒரு நிமிஷம்…"

அத்தான் கண்ணை மூடிவிட்டார். ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். அலமாரியிலிருந்து பாத்திரங்கள் சரிந்த மாதிரி இருந்தது. மேனேஜரின் கையில் இருந்த டீ தளும்பியது.

"சுதி இறங்கிடுச்சு சார். வெயில்ல வச்சிருக்காங்க," என்றார் அத்தான், மேனேஜரையே பார்த்துக்கொண்டு.

"கூடமும் கொஞ்சம் கோணல்தான்," என்று அக்கா முணுமுணுத்தாள்.

"மொத்தமா தளர்த்திட்டுத் திருப்பிக் கட்டினா சரியாயிடும்." முறுக்காணிகளைக் கடகடவென்று திருகினார். கம்பிகள் தொங்கின. பிடிமானம் போன ஈறு நிறப் பட்டை நழுவி, மேனேஜரின் சாசரில் 'டிங்' என்று விழுந்தது.

மேனேஜர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தானுக்குப் பேயறைந்த மாதிரி ஆயிற்று. கிட்டாரிலிருந்து விழுந்ததை அவர் பார்க்கவில்லை. சாசரில் கிடந்ததையும் மேனேஜரின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள். மேனேஜரின் காது மடல்வரை சிவந்துவிட்டது. பாவம், நாக்கால் உள்ளே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது.

அவள் வாயைத் திறந்தால் அத்தான் மானம் போகும், கிட்டாரும் போகலாம். திறக்காவிட்டால் ஒரு பெரிய மனிதர் வாயைப் பொத்தியபடியே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"சார், அது கிட்டாரோடது. நான்தான் செஞ்சேன்," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். பந்தயம், கம்பி, பிசின், அரம் எல்லாம். மேனேஜரின் கை மெல்ல இறங்கியது. அப்புறம் மனிதர் சிரித்தார் பாருங்கள், தோள் குலுங்க, வாய் நிறைய. மேல்வரிசையில் இடப்பக்கப் பல் ஒன்று ஒரு நூல் திரும்பியிருந்தது. அவளுக்கு அந்தப் பல்லைத் தெரியும். எல்லாம் ஒரே நேராக இருந்தால் கட்டிய பல் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று, போன வருடம் அவளே திருப்பி வைத்த பல். சந்தோஷம் தொண்டைவரை வந்தது. அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"எங்க, வாசிங்கம்மா பாப்போம்," என்றார் மேனேஜர்.

பட்டையைத் துடைத்து மாட்டி, சுதி சேர்த்து, கிட்டாரைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். நடுவில் ஒரு கார்டு முனகியது. நிறுத்தவில்லை. பாட்டு முழுசாக முடிந்தது.

"கம்பியை மாத்திட்டா சார், இது போங்கு," என்றார் அத்தான்.

"எந்தக் கையால வாசிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே, அத்தான்."

"சொன்ன வார்த்தையைக் காப்பாத்தறவங்களைத்தான் நான் மேல ஏத்தி விடறது," என்றார் மேனேஜர். அத்தான் கிட்டாரின் உறையையும் எடுத்து வந்து அவளிடம் நீட்டினார்.

மறுநாள் ஞாயிறு. வாசிக்காமல் அத்தானுக்குக் கை நமநமத்தது. சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரே ஒரு நாளைக்குக் கம்பியைப் பழையபடி கட்டிக் குடேன்மா." நொட்டாங்கை எங்கோ போய், 'மா' வந்திருந்தது.

"எதுக்கு அத்தான்? கை எதுவா இருந்தா என்ன, மனசு வச்சா போதும்."

கிட்டாரை அப்படியே அவர் மடியில் திருப்பி வைத்தாள். இடது கையால் தாளம் போட முயன்று அத்தான் ஈ ஓட்டினார். விரல் எங்கே, கம்பி எங்கே என்று தேட வேண்டியிருந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு வாசித்தார். எதிரே அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தார்.