கடைசிக்குத் தள்ளிய ஃபோல்டர்

சூளகிரியில் ஜோதிமணி நடத்தும் லேத் யூனிட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். டிராயிங், மிஷினில் ஏற்றும் புரோகிராம் எல்லாம் அதில்தான். புதிது வாங்குமுன் பேக்கப் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். நகல் ஏறுவதைத் திரையில் காட்டும் பச்சைப் பட்டை பாதி தூரம் ஓடி நின்றுகொண்டது. அணைத்துப் போட்டாள், மறுபடி அதே இடம். கேபிளை மாற்றிப் பார்த்தாள், வேறு டிஸ்க் வாங்கிச் செருகினாள். பட்டை அசையவில்லை.

ஓசூரிலிருந்து காலித்தை வரவழைத்தாள். அவள் கணவன் இளம்பரிதி உயிரோடிருந்த நாளிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பவன். வந்தவன் கீபோர்டைத் தொடாமல் பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே ஏதோ விட்டுவிட்டுத் தட்டியது.

"ரொம்ப வாட்டி ஓட்டுனீங்களாக்கா?"

நின்றபோதெல்லாம் ஓட்டியதாகச் சொன்னாள்.

"இனி ஓட்டாதீங்க. உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு, ஃபைலெல்லாம் இருக்கற பழசுல ஒரு இடம் கெட்டுப் போச்சு. அங்க போய் முட்டறப்பல்லாம் இன்னுங் கொஞ்சம் கெடும்."

எந்த இடம் என்று தேடினான். இளம்பரிதியின் பெயரிட்ட ஃபோல்டரில் வந்து நின்றது. புது ஜாபுக்கு மிஷினைத் தயார் செய்யும்போதெல்லாம் அவன் பேசிக்கொண்டே போனில் எடுத்த வீடியோக்கள். ஹைவேயில் லாரி மோதி அவன் போனபிறகு அவள் அதைத் திறந்ததில்லை. இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

அதை விட்டுவிட்டு மற்றதை முதலில் எடுக்கலாம் என்றான் காலித். அதற்குள் டிஸ்க் நின்றுவிட்டால் வீடியோ கிடைக்காது. வீடியோவை முதலில் தொட்டால் மொத்தமும் போகலாம்.

"எது மொதல்லன்னு நீங்கதான் சொல்லணும்க்கா."

கண்ணாடிக்கு அப்பால் ஆபரேட்டர் திம்மப்பன் அடுத்த ஜாபுக்கு மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டு அடுப்பும் இந்த மிஷினை நம்பித்தான் எரிகிறது.

"மத்தத எடு," என்றாள். குரல் பிசிறாமல் வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

மற்றவை தடங்கலில்லாமல் வந்து சேர்ந்தன. டிராயிங்குகளைத் திறந்து பார்த்தார்கள். ஒரு புரோகிராமை மிஷினில் ஏற்றியும் பார்த்தார்கள். பிறகுதான் அந்த ஃபோல்டர். சிக்கும் இடத்தைத் தாண்டிப் போகிற மென்பொருள் ஒன்றை ஓடவிட்டான். ஒரு வீடியோ வந்தது. அடுத்ததற்குள் தட்டல் சத்தம் ஓய்ந்து, டிஸ்க்கே திரையிலிருந்து காணாமல் போயிற்று.

"போயிருச்சுக்கா." பெங்களூரில் டிஸ்க்கைப் பிரித்து உள்ளிருப்பதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உறுதி கிடையாது என்றான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

வந்த வீடியோவைப் போட்டாள். முகம் இல்லை. மிஷினுக்குள் நீளும் கை, பின்னால் குரல்: "இங்க வெட்டுற டூலக் கொஞ்சம் உள்ள தள்ளிப் புடி. வெளிய நீட்டுனா பீஸ் அதிரும்."

சத்தம் கேட்டுத் திம்மப்பன் வந்து பின்னால் நின்றான். கடைசிவரை பார்த்தான்.

"இப்ப நாம இப்டி புடிக்கறதில்லீங்களே மேடம்," என்றான் மெதுவாக.

"அது பழைய டூலுக்கு," என்றாள் ஜோதிமணி.

அவன் தலையாட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்பினான். அவள் வீடியோவை மூடி, டிராயிங்குகளோடு சேர்த்து வைத்தாள். பேக்கப் இனி தினமும் தானாக ஓடும்படி வைக்கச் சொல்லி, நாற்காலியைக் காலித்துக்கு விட்டு எழுந்தாள்.