லோமெத்ஸ் முச்சந்திக் கைகாட்டி

இப்போதெல்லாம் யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை. காருக்குள் ஒரு போனை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து ஒரு பெண் குரல் சொல்கிறது, இவர்கள் திரும்புகிறார்கள். போன மாதம் பார்சல் வண்டிக்காரன் ஒருவன் அப்படித்தான் திரும்பி, பழைய கூட்டுப்பண்ணையின் சாணக் குழிக்குள் முன்சக்கரத்தை இறக்கினான். நான் பத்தடி தள்ளி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மனிதன் ஆட்டுகிற கை அவன் கண்ணில் படவில்லை.

முன்பு எங்கள் மாவட்டத்துக்குள் வந்தவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். குன்று, குளம், உருளைக்கிழங்கு வயல், மறுபடியும் குன்று. குளத்துக்கு ஓர் ஊர். எல்லா ஊரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். செப்டம்பரில் வந்தால் சாலை நெடுக பிளம் பழம் உதிர்ந்து, சைக்கிள் சக்கரத்தில் பிசினாக ஒட்டும். மாவட்டத் தலைநகரிலிருந்து வரும் சாலை ஒரு முச்சந்தியில் வந்து முட்டும். அங்கிருந்து இடது பக்கம் எங்கள் லோமெத்ஸ், வலது பக்கம் ஓலெஷ்னா. நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதன் தலையில் இரண்டு தகட்டுக் கைகள். அந்தக் கைகாட்டி லோமெத்ஸை வலது பக்கம் காட்டும். ஐம்பத்தேழு வருடமாக அப்படித்தான் காட்டியது.

அது என் அண்ணன் அலோயிஸ் செய்த வேலை. வீட்டில் அவன் லோய்ஸா. என் பெயர் வெண்டெலீன், எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு கிடையாது, கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டினேன்.

அறுபத்தெட்டு ஆகஸ்டில் ரஷ்யப் படைகள் எங்கள் நாட்டுக்குள் வந்தன. இரண்டொரு நாளில் ரேடியோவில் சொன்னார்கள்: ஊர்ப் பலகைகளைக் கழற்றுங்கள், கைகாட்டிகளைத் திருப்புங்கள், வந்தவன் வழி தெரியாமல் திண்டாடட்டும். எனக்குப் பதினெட்டு வயது, அவனுக்கு இருபத்து நாலு. நான் டிராக்டர் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். மத்தியான மழையில் நனைந்துகொண்டே போனோம். அவன் போல்ட்டைத் தளர்த்தி, கைகாட்டியின் தலையை அரைவட்டம் சுற்றி, மறுபடி இறுக்கினான். நாங்கள் நடத்திய போர் அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் ஒரு டாங்கிகூட வரவில்லை. பீர் வண்டிதான் வழி தவறியது. ஓலெஷ்னாக்காரர்கள் எங்கள் பீப்பாய்களையும் சேர்த்து இறக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி வண்டியை அனுப்பிவிட்டார்கள். எங்கள் மதுக்கடைக்காரர் ஒரு வாரம் எங்கள் முகத்தில் விழிக்கவில்லை.

அக்டோபரில் லோய்ஸா நாட்டை விட்டுக் கிளம்பினான். எல்லையை அப்போது இன்னும் மூடவில்லை. பஸ் ஏற்றிவிட முச்சந்தி வரை போனேன். கைகாட்டிக்கு அடியில் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"இதைத் தொடாதேடா வெண்டா. திரும்பி வந்து நானே சரி பண்றேன். இது கோணலா இருந்தாத்தான் நம்ம ஊருக்கு வந்துட்டேன்னு எனக்குத் தெரியும்."

அடுத்த கோடையில் வந்துவிடுவான் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

நான் தொடவில்லை. சாலைத் துறை ஆட்கள்தான் தொட்டார்கள். அவர்கள் சரி செய்துவிட்டுப் போவார்கள், நான் மறுநாளே திருப்பி வைப்பேன். எழுபத்திரண்டில் மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். காற்று என்று சொன்னேன். ஆறு மாதம் டிராக்டரிலிருந்து இறக்கி மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்பினார்கள். மாடுகள் நல்ல மாடுகள். வெளியே வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை போய்த் திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகு சாலை மேஸ்திரியே சலித்துப் போய் விட்டுவிட்டார்.

ஊரும் பழகிவிட்டது. கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள், கைகாட்டி காட்டுவதற்கு எதிர்ப்பக்கம் வாருங்கள் என்று சொல்லி அழைப்பார்கள். அதைக் கேட்காதவர்கள் ஓலெஷ்னாவுக்குப் போய், அங்கே யாராவது உட்காரவைத்துக் குடிக்கக் கொடுக்க, சாயங்காலம் பாடிக்கொண்டே எங்களிடம் வந்து சேருவார்கள். புதிதாக வந்த மாட்டு வைத்தியர் இப்படி வழி தவறிப் போய் ஓலெஷ்னாவுக்கே மாப்பிள்ளை ஆனார். அந்தக் காலத்தில் வழி தவறினால் ஒரு வீட்டில் சூப்பாவது கிடைத்தது.

கனடாவிலிருந்து வரும் லோய்ஸாவின் கடிதங்களை அரசாங்கம் பிரித்துப் படித்து ஒட்டித்தான் கொடுக்கும். அதனால் கைகாட்டியைப் பற்றி நான் எழுதவில்லை. அம்மா எழுபத்தொன்பதில் கண்ணை மூடினாள். தொண்ணூறில் எல்லை திறந்தது. அப்புறம் அவன் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் அவனுக்கு இடுப்பு, அப்புறம் அடுத்த வருடம். நான் வசந்தம்தோறும் போல்ட்டுக்கு கிரீஸ் போட்டு வந்தேன்.

இந்த வருடம் கடிதம் வந்தது. பேத்தி கூட்டி வருகிறாளாம், செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை. அதே வாரம் ஊர்த் தலைவி ராத்மிலா ஒலிபெருக்கியில் அறிவித்தாள்: கைகாட்டிகளை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுப் பலகை வைக்கப் போகிறார்கள். அவள் சொன்ன தேதி அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய புதன்.

நேராக அவள் அலுவலகத்துக்குப் போய் நின்றேன்.

"மாமா, அது தப்பாக் காட்டுதுன்னு ஊருக்கே தெரியும். அதைப் போய்க் கட்டிப் பிடிச்சிட்டு இருக்கீங்களே?" என்றாள்.

"ஊருக்கே தெரிஞ்சா அப்புறம் என்னம்மா தப்பு?"

அவள் சிரித்தாள். பிறகு நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டு யாருக்கோ போன் செய்தாள். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் தள்ளி வைத்தார்கள். அலுவலகக்காரர்கள் வாக்கை நான் நம்புகிறவன் இல்லை. தினமும் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பால் கறக்கிற முக்காலியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு முச்சந்தியில் போய் உட்கார்ந்தேன். காளான் போட்ட உருளைக்கிழங்கு சூப் வீட்டில் அடுப்பின் ஓரத்தில் இருந்தது. பதினோரு கார்கள் வந்தன. ஒன்றிலும் அவன் இல்லை. மத்தியானம் ராத்மிலா சைக்கிளில் வந்தாள்.

"மாமா, உங்க அண்ணன் வந்து ரெண்டு மணி நேரமாச்சு. உங்க வாசல்ல உட்கார்ந்து பிளம் தின்னுட்டிருக்கார்."

"எந்த வழியா வந்தான்?"

"காட்டு வழியா. போன் அப்படித்தான் காட்டுச்சாம்."

மரலாரிக்காகத் தார் போட்ட வழி அது. அதில் கைகாட்டியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

வீட்டு வாசலில் ஒரு கிழவன் இருந்தான். அப்பாவின் காது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். உடம்பில் எலும்புதான் இருந்தது. சூப் அப்புறம், முதலில் முச்சந்திக்கு வா என்றேன். பேத்தி மெலனி ஓட்டினாள். எங்கள் பேச்சு அவளுக்குப் பாதிதான் வரும்.

லோய்ஸா இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"எந்த மடையன்டா இதை மாத்தி வச்சான்? லோமெத்ஸ் இந்தப் பக்கம்ல இருக்கு?"

"நீதான்."

அவன் என்னைப் பார்த்தான். மழை அவனுக்கு ஞாபகம் இருந்தது. பீர் வண்டி ஞாபகம் இருந்தது, அதற்கு இருமல் வரும்வரை சிரித்தான். பெட்டியை வைத்துவிட்டுச் சொன்னது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

"நானா அப்படிச் சொன்னேன்?"

"சொன்னே."

மாட்டுத் தொழுவத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. ஸ்பேனரைக் கொடுத்தேன். முக்காலியில் ஏற்றி, நானும் மெலனியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அவன் முழு பலத்தையும் போட்டு இழுத்தான். போல்ட் சட்டென்று சுழன்றதில் விழப் பார்த்தான்.

"என்னடா இவ்வளவு லேசா இருக்கு?"

"கிரீஸ் போட்டிருக்கேன்."

"எப்போ?"

"வருஷா வருஷம்."

அவன் ஸ்பேனரைக் கை மாற்றிப் பிடித்தான். என் பக்கம் திரும்பவில்லை. பிறகு கைகாட்டியின் தலையை அரைவட்டம் சுற்றி இறுக்கினான். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கீழே இறங்கிக் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும்.

"மன்னிச்சுக்கடா வெண்டா," என்றான். "வா, சூப் ஆறிடும்."

மெலனி போனை என் பக்கம் நீட்டினாள். அதில் ஒரு நீலக்கோடு இடது பக்கம் போனது. நாலு நிமிடம் என்று காட்டுகிறதாம், ஏறிக்கொள்ளச் சொன்னாள். நீங்கள் போங்கள், நான் நடந்து வருகிறேன் என்றேன். லோய்ஸா முன்சீட்டில் ஏறிக்கொண்டான். கார் கிளம்பியது.

முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். இருபது அடி வைத்ததும் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். லோமெத்ஸ் என்று எழுதிய தகடு லோமெத்ஸைக் காட்டிக்கொண்டு நின்றது. சரிதான் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கண்ணுக்கு அது கோணலாகத்தான் தெரிந்தது. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு மேலே நடந்தேன்.