நடுவுக்கு வந்த முகம்

"வீடியோ நல்லா இருக்கும்மா. அதுதான் பிரச்சினையே" என்றார் பயிற்சி நிலையத் தலைவர் தொலைபேசியில்.

நன்றாக இருப்பது எப்போதிலிருந்து பிரச்சினையாயிற்று என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் அவள். எதிர்முனையில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. பிறவியிலேயே பார்வையற்றவள். இணைப்பகத்தை மூடி, வரும் அழைப்புகளையெல்லாம் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். இப்போது பார்வையற்ற புதியவர்களுக்குக் கைபேசியில் காணொளி எடுக்கவும், அதை வெட்டித் தொகுக்கவும் கற்பிக்கும் ஆசிரியர் வேலை இந்நிலையத்தில் காலியாக இருந்தது. அது அவளுக்கு வேண்டும். நிபந்தனை ஒன்றே: மாதிரிப் பாடம் ஒன்றைப் பார்வையுள்ளவர் உதவியின்றித் தானே எடுத்து, தானே தொகுத்து அனுப்ப வேண்டும். அனுப்பியிருந்தாள்.

"முகம் கச்சிதமா நடுவுல இருக்கு. ஒரு தும்மல் இல்ல, திக்கல் இல்ல. யாரும்மா வெட்டிக் கொடுத்தது?"

"நான்தான் சார்."

"எடுத்தது?"

"அதுவும் நான்தான். ரூம்ல வேற யாருமே இல்ல."

"சத்தியமா?"

"கண்ணு இருக்கறவங்க நல்லா எடுத்துட்டு வந்தா, அவங்ககிட்டயும் சத்தியம் வாங்குவீங்களா சார்?"

"அவங்க கதை வேற. சரி, நாளைக்குக் காலையில நேர்ல வாங்க, பேசிக்கலாம்."

பார்வையற்றவர் தடுமாறினால் இவ்வுலகம் இரக்கப்படும், தடுமாறாவிட்டால் சந்தேகப்படும். மூன்றாவதாக ஒரு வழி உண்டென்பதை அது இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை.

சத்தியம் செய்துவிட்டுத்தான் அழைப்பைத் துண்டித்தாள். கோபம் தணியத் தணிய, அவர் சொன்ன ஒரு சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது. கச்சிதமாக நடுவில்!

காணொளி எடுத்த அன்று கைபேசியை ஸ்டாண்டில் பொருத்தி, பதிவையும் ஓடவிட்டு, எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தாள். ஒரு காதில் இயர்போன். கேமராவில் தெரியும் முகம் எங்கே இருக்கிறது என்பதைக் கைபேசி தானே படித்துச் சொல்லும். "ஒரு முகம், இடது ஓரம்" என்றது. நாற்காலியை நகர்த்தலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே, "ஒரு முகம், நடுவில்" என்றது. தானே சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும் என்று அன்று நினைத்தாள். இப்போது யோசித்தால், சாய்ந்ததாக நினைவே இல்லை.

அண்ணன் லாரியோடு வெளியூரில் இருந்தான். வீட்டில் இருந்தவள் அண்ணி ஒருத்திதான். அவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் வீடியோ எடுத்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"எங்க இருப்பேன்? சிம்மாசனத்துல. இங்கதான், பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு."

"ரூமுக்குள்ள வந்தீங்களா?"

"நீதான் போருக்குப் போறவ மாதிரி கதவைச் சாத்திக்கிட்டியே."

"வந்தீங்களா, இல்லையா?"

"வரல தாயே, வரல! நாத்தனாரா வாய்ச்சதே போதும், இதுல போலீஸ் வேலை வேறயா?"

கத்தி பலகையின்மேல் படபடவென்று விழுந்தது. பொய் சொல்லும்போது அண்ணி வேகமாக நறுக்குவாள்; உண்மையாகவே கோபம் வந்தாலும் அப்படித்தான் நறுக்குவாள். ஆதலால் அது சாட்சியாகாது.

அவள் தன் அறைக்குத் திரும்பி, இரண்டு காதுகளிலும் இயர்போனைச் செருகிக்கொண்டாள். பேச்சில் பிழை நேர்ந்தால் இருமுறை சொடக்குப் போட்டுவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வது அவளுடைய முறை. பின்னர்ச் சொடக்கொலியைத் தேடிப்பிடித்து, அதற்கு முன்னால் உள்ள பிழையை வெட்டிவிடுவாள். தொடக்கத்தில் வெறுமனே ஓடும் பகுதியை மட்டும் கேட்டுப் பார்ப்பதே இல்லை, அப்படியே அழித்துவிடுவாள். நல்லவேளை, வெட்டப்படாத மூலப்பதிவு கைபேசியில் இருந்தது.

முதலில் அவளுடைய மூச்சு கேட்டது. பிறகு, கதவு சாத்தியிருந்தால் அறைக்குள் வராத சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மெல்ல எழுந்தது. அதன்பின் யாரோ காதுக்குள்ளேயே சுரண்டுவதுபோல் மிக அருகில் ஓர் உராய்வு. அவளுடைய மூச்சோ அப்போதும் தொலைவில்தான் இருந்தது. சற்றுப் பொறுத்து அந்த முனகல் ஓய்ந்தது. அன்று காதில் கைபேசியின் குரல் ஓடிக்கொண்டிருந்ததால் இவை எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

வேறு பொருள் கிடைக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். காற்று கதவைத் திறக்கும்; கைபேசியைத் திருப்பி வைக்காது.

சமையலறைக்குப் போய், அதே பகுதியைச் சத்தமாக ஓடவிட்டாள். நறுக்கும் ஓசை நின்றது.

"போன்ல உன் தலை பாதி வெளியில இருந்துச்சுடி" என்றாள் அண்ணி. "ஒரு காது, அரை மூக்கு. ஜன்னல் வழியாப் பார்த்தேன், மனசு கேக்கல. நாலு பேர் உன்னைப் பார்த்துச் சிரிக்க விடுவேனா? ஒரு விரல்தான் வெச்சேன். ஒரே ஒரு விரல்!"

"நானே நாற்காலியை நகர்த்தியிருப்பேன். அதுக்குத்தான் அது என் காதுல சொல்லுது."

"அது உன் காதுல சொல்றது எனக்கு எப்படித் தெரியும்?"

"வரலன்னு ஏன் சொன்னீங்க?"

"நீ கேட்ட கேள்வி அப்படி. சரி, விடு. அந்த ஆளுக்கு எப்படித் தெரியப்போகுது? நாம வாயைத் திறக்கலன்னா, சுவரா போய்ச் சொல்லப்போகுது?"

அது உண்மையே. தலைவரிடம் ஒரு சான்றும் இல்லை. நன்றாக இருந்தது என்பதைத் தவிர அவருடைய சந்தேகத்துக்கு வேறு முகாந்தரமும் இல்லை. பொய் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அவளுக்குள் வேறொரு சந்தேகம் கிளைவிட்டிருந்தது.

"அண்ணி, இன்னும் எதுலயெல்லாம் விரல் வெச்சிருக்கீங்க?"

அண்ணி நறுக்கிய பீன்ஸைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டாள்.

"சாம்பார்ல. நீ பண்ணினப்போ, உப்பு ஒரு தடவை... ரெண்டு தடவை."

மறுநாள் காலை அண்ணியும் கூடவே வர நிலையத்துக்குப் போனவள், தலைவர் வாயைத் திறப்பதற்கு முன்னரே முந்திக்கொண்டாள்.

"சார், நேத்து நான் சொன்னது தப்பு. எங்க அண்ணி உள்ள வந்து போனைத் திருப்பி வெச்சிருக்காங்க. அப்போ எனக்குத் தெரியாது."

"பார்த்தீங்களா! எனக்கு அப்பவே மூக்குல வேர்த்துச்சு" என்றார் அவர். பரிசு கிடைத்தவர் குரல் அது. "அப்போ வெட்டினதும் அவங்கதான்?"

"எனக்கு அலாரம் வைக்கவே தெரியாது சார்!" என்று வாசலிலிருந்து கத்தினாள் அண்ணி.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க அண்ணி. சார், வெட்டினது நான்தான். இப்பவே உங்க முன்னாடி எடுத்து வெட்டிக் காட்டறேன்."

ஸ்டாண்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். இயர்போனைக் கழற்றிவிட்டதால் கைபேசி உரக்கவே பேசியது.

"ஒரு முகம், வலது ஓரம்."

நாற்காலியை நகர்த்தினாள்.

"ஒரு முகம், நடுவில். இரண்டு முகங்கள்."

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. எட்டிப் பார்க்கறீங்க."

தலைவர் கனைத்துக்கொண்டு விலகினார். அவள் பாடத்தைச் சொன்னாள். ஓரிடத்தில் நாக்குப் பிறழ்ந்தது. சொடக்குப் போட்டுவிட்டு மீண்டும் சொன்னாள். பதிவை நிறுத்தியதும் மூன்று விரல்களால் திரையைத் தட்டினாள்.

"ஐயையோ, போன் செத்துப்போச்சும்மா!"

"சாகல சார். திரையை மட்டும் அணைச்சிருக்கேன். இனிமே கண்ணு இருக்கறவங்க யாரும் எனக்கு உதவி பண்ண முடியாது, நீங்க உள்பட."

கறுத்துக் கிடந்த கண்ணாடியைத் தலைவர் குனிந்து பார்த்தார். அதில் அவருடைய முகந்தான் தெரிந்தது. கைபேசியின் குரல் அவர் செவிக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடியது. சொடக்கு கேட்டது. அவள் பதிவில் சற்றுப் பின்னே போனாள், பிரித்தாள், முன்னே வந்தாள், பிரித்தாள், நடுத்துண்டை அழித்தாள். திரையை ஒளிரச் செய்து அவரிடம் நீட்டினாள்.

பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க தலை டக்குனு குதிக்குதே!"

"குதிக்கும் சார். வெட்டின இடத்துல நான் அசைஞ்சிருப்பேன். பேச்சு ஒட்டியிருக்கான்னு எனக்குத் தெரியும். தலை ஒட்டியிருக்கான்னு தெரியாது. அனுப்பினதுலயும் அப்படித்தான் இருக்கும்."

அவர் தம் கணினியில் பழைய காணொளியைத் தேடி ஓடவிட்டார். ஒட்டிய இடங்கள்தோறும் தலை குதித்தது. பார்வையுள்ள எவரும் அதை அப்படியே விட்டிருக்கமாட்டார். யார் வெட்டியது என்று தேடுவதிலேயே கண்ணாக இருந்த அவர், காணொளியைப் பார்க்கவே இல்லை.

"திங்கள்கிழமை வந்துடுங்க" என்றார் கடைசியில். குரல் இன்னும் முழுதாக இறங்கிவரவில்லை. "ஆனா முதல் வகுப்புல நானும் உக்காந்து பார்ப்பேன்."

"உக்காருங்க சார். திரையை அணைச்சுட்டுத்தான் பாடம் நடத்துவேன். முன் வரிசைக்கு வந்துடுங்க. பின்னாடி சரியாக் கேக்காது."