ஏழு ஜீப்பு வந்த சூட்டிங்

பன்னிரண்டு பெண்கள் வர வேண்டிய இடத்துக்கு ஏழு ஜீப்பு வந்து நின்றால் யாருக்குத்தான் தலை சுற்றாது? ரேணுகாவுக்குச் சுற்றியது.

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்குப் போகிற வழியில் இருக்கிறது விஜயகுமாரின் ஏலத்தோட்டம். அதன் கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு கையில் டீ டம்ளரும் மறு கையில் அன்றைக்கு எடுக்க வேண்டிய காட்சிகளின் லிஸ்டுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். முதல் ஜீப்பு வந்தது, சரி. இரண்டாவது வந்தது, ஒன்றில் இடம் பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். மூன்றாவது, நாலாவது என்று வந்துகொண்டே இருந்தன. ஏழாவது ஜீப்பு வளைவில் திரும்புவதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஜீப்புக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று என்று பெண்கள் இறங்கினார்கள். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, கையில் தூக்குவாளி. கேட்டுக்கு முன்னால் திருவிழாக் கூட்டம் மாதிரி எண்பது பேருக்கு மேலே நின்றார்கள்.

"ஏத்தா, நீங்கள்லாம் எங்க வந்தீங்க?" என்றாள் ரேணுகா.

முன்னால் வந்தவள் வேலுத்தாய். ஐம்பத்தைந்து வயது, ஆள் குள்ளம், குரல் மட்டும் குழாய் ரேடியோ. "என்ன புள்ள கேள்வி இது? நீதான கூப்பிட்ட? சூட்டிங்குக்கு வந்திருக்கோம்."

"ஒங்க ஜீப்புல நான் பவித்ராவ மட்டுந்தான கூப்பிட்டேன்!"

"பவித்ராவக் கூப்பிட்டா அவ மட்டும் எப்பிடி வருவா? பறந்தா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரேணுகாவுக்கு அழுகைதான் வந்தது.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். மனோஜ் போடிக்காரப் பையன். அவன் அப்பாவுக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை. ஆறு வருஷம் சென்னையில் இருந்துவிட்டு, ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண்ணைப் பற்றி அரைமணி நேரப் படம் எடுக்கிறேன் என்று கதையோடு வந்து இறங்கினான். சென்னையில் ஒரு தயாரிப்பாளர் முழுப் பணமும் போட ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் முதலில் இரண்டு நாள் எடுத்துக் காட்டு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாள் செலவுக்குத்தான் விஜயகுமார். தோட்டமும் தந்தார், பணமும் தந்தார். படத்தின் தொடக்கத்தில் தன் பேர் பெரிதாக வர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. இன்னொன்றும் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை தோட்டத்தில் காயெடுப்பு ஆரம்பம். எடுத்து முடித்துவிட்டால் அப்புறம் நாற்பது நாளைக்குச் செடியில் பழுத்த காய் இருக்காது. அதனால் சனி, ஞாயிறு, அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ரேணுகா போடியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் பதினொரு வருஷம் இருந்தவள். கேமராக்காரருக்குப் பந்தியில் இடம் பிடிப்பது, கரண்டு போனால் ஜெனரேட்டருக்கு ஓடுவது, மாப்பிள்ளை வீட்டாரின் கோபத்தைத் தணிப்பது எல்லாம் அவள்தான். "அக்கா, நீங்கதான் இந்தப் படத்துக்கு மேனேஜர்" என்று மனோஜ் சொன்ன அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம். கூடவே சென்னைத் தயாரிப்பாளர் ஒரு முள்ளையும் வைத்தார். இந்த இரண்டு நாள் ஒழுங்காக நடக்காவிட்டால் மீதிப் படத்துக்குத் தன்னுடைய மேனேஜரை அனுப்புவார். அப்படி ஒருத்தர் வந்துவிட்டால் ரேணுகா மறுபடியும் பந்தியில் இடம் பிடிக்கப் போக வேண்டியதுதான்.

சரி, பன்னிரண்டு எப்படி ஏழு ஜீப்பு ஆனது? மனோஜ் ஒரு நாள் விடிய ஆறு மணிக்கு, போடியில் தோட்ட ஜீப்புகள் கிளம்புகிற இடத்துக்குப் போய் இருநூறு முகத்தைப் போட்டோ எடுத்தான். அதில் பன்னிரண்டைப் பொறுக்கி, "இவங்கதான் வேணும்க்கா" என்றான். ரேணுகா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் ஏழு ஜீப்பில் போகிறவர்கள் என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

இப்போது அவள் ஓரமாகப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா மொக்கம்மாள் சிலமலையில் இருக்கிறாள். இருபது வருஷம் ஜீப்பில் மலையேறியவள்.

"ஒரு வார்த்த என்னையக் கேட்டியா?" என்று மொக்கம்மாள் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டாள். "ஒரு ஜீப்புன்னா ஒரு செட்டுடி. சேந்துதான் போவோம், சேந்துதான் வருவோம். ஒருத்தி மட்டும் தனியா வேற காட்டுக்குப் போனா அன்னைக்கே அவ சீட்டுல இன்னொருத்தி ஏறிருவா. சீசன் முடியிற வரைக்கும் எடம் கெடைக்காது. அதனால ஒருத்தியக் கூப்பிட்டா செட்டையே கூப்பிட்ட மாதிரிதான். இது பச்சப்புள்ளைக்கும் தெரியும்."

"அது தோட்ட வேலைக்கும்மா. இது சூட்டிங்கு."

"அவளுகளுக்கு ரெண்டும் சோலிதான். என்னைய ஜீப்பு ஏத்திவிடக் காலம்பற தூக்குவாளிய எடுத்துக்கிட்டுக் கூடவே வருவியேடி, அப்பக் கண்ண எங்க வச்சிருந்த?"

ரேணுகா போனைக் கட் பண்ணினாள். அம்மா சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மனோஜுக்குத் தெரியாது, பரவாயில்லை. அவளுக்குத் தெரியாமல் போகலாமா? லிஸ்டும் கையுமாக மேனேஜர் ஆனதும் ஊர் வழக்கம் மறந்துவிட்டது.

இதற்குள் விஜயகுமாரின் வண்டி வந்து நின்றது. மனுஷர் இறங்கும்போதே காதில் போன். கேட்டுக் கேட்டு முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"ஏம்மா ரேணுகா! அஞ்சு தோட்டத்துக்காரன் போன் போட்டுட்டான். விஜயகுமாரு ஆளத் தூக்கிட்டானாம். அந்தச் சின்னமுத்து என்ன கேக்குறான் தெரியுமா? காயி பழுத்து உதிருது, நீ சினிமா எடுக்குறியாங்குறான். இந்த மலையில ஒருத்தன் பொண்டாட்டியப் பேசுனாக்கூட மன்னிப்பானுங்க, சீசன்ல ஆள இழுத்தா மன்னிக்க மாட்டானுங்க. இனி அவனுங்க மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

"அண்ணே, நான் சரி பண்ணிர்றேன்ணே..."

"அரைமணி நேரம். அவன் அவன் ஆளு அவன் அவன் காட்டுல இருக்கணும். இல்லைன்னா கேமராவ மூட்ட கட்டிக்கிட்டு எல்லாரும் எறங்கிருங்க. எம் பேரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

மனோஜ் அந்த நேரத்தில்தான் கூடாரத்திலிருந்து வெளியே வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கண் விரிந்தது. "அக்கா, சூப்பர்க்கா! எல்லாரையும் ஒரே பிரேம்ல நிக்க வச்சு ஒரு டாப் ஷாட்..."

"தம்பி, வாய மூடுங்க."

இதுவரை அவனிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. அவன் உண்மையிலேயே மூடிக்கொண்டான்.

ரேணுகா ஜீப்பு ஜீப்பாகப் போய்க் கேட்டாள். இது யார் தோட்டத்துக்குப் போகிற செட்டு, அது யாருடையது? ஆறு ஜீப்பு வேறு ஐந்து தோட்டங்களுக்குப் போக வேண்டியவை. வேலுத்தாயின் ஜீப்பு மட்டும் விஜயகுமாருக்கே காயெடுக்கிற செட்டு. திங்கட்கிழமை எப்படியும் இங்கேதான் வருவார்கள், இன்றைக்கு அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. ஊர்ப்பகை இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஜீப்பு அது ஒன்றுதான்.

"இந்த ஒரு ஜீப்பு போதும். மத்ததெல்லாம் கெளம்பட்டும்" என்றாள் மனோஜிடம்.

"என்னக்கா சொல்றீங்க? நான் எடுத்த பன்னெண்டுல இதுல ஒரே ஒரு ஆளுதான் இருக்காங்க. மத்தவங்கள்லாம் வயசானவங்க. செல்லக்கிளி இல்லாம எப்பிடி? அந்த முகத்துக்காகத்தான் நான் கதையவே மாத்தி எழுதுனேன்."

"செல்லக்கிளி சின்னமுத்து காட்டுச் செட்டு. அவள நிறுத்துனா அவ சீட்டு போகும், செட்ட நிறுத்துனா நம்ம தோட்டம் போகும். எது போகட்டும், சொல்லுங்க."

"மெட்ராஸ் மேனேஜரா இருந்தா இப்பிடி நடந்திருக்குமா?"

சுருக்கென்றது. ஆனாலும் ரேணுகா விடவில்லை. "நடந்திருக்காது. அவரு பன்னெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருப்பாரு, நாளைக்கு அவளுக பொழப்பு போயிருக்கும், அவரு ரயிலேறியிருப்பாரு. ஆறு ஜீப்பையும் நான் அனுப்பப் போறேன். ஒங்களுக்கு ஆகாதுன்னா இப்பவே போன் போட்டு அவர வரச்சொல்லுங்க."

மனோஜ் போனை எடுத்தான். பிறகு பையில் போட்டுக்கொண்டு, கல்லைக் காலால் எத்தியபடி கேமரா பக்கம் போனான்.

ஆறு ஜீப்புக்கும் சொல்வது லேசான காரியமா? ஒருத்தி திட்டினாள். ஒருத்தி, "டீயாவது குடிச்சிட்டுப் போறோமே" என்று உட்கார்ந்தேவிட்டாள். இருபத்தைந்து பேருக்குப் போட்ட டீயைச் சுடுதண்ணீர் ஊற்றி எண்பது பேருக்கு ஆக்கி, ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தாகிவிட்டது.

செல்லக்கிளி தலைக்குக் குளித்து மல்லிகைப்பூ வைத்து வந்திருந்தாள். கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டை வேலைச் சட்டைக்கு உள்ளே மறைத்துப் போட்டிருந்தாள். ரேணுகா அவள் முன்னால் போய் நின்றாள்.

"தெரிஞ்சுபோச்சுக்கா. போகணும், அதான?" என்று அவளே சொன்னாள். பூவை எடுத்துத் தூக்குவாளி மூடியில் வைத்தாள். "நேத்து ராத்திரி எம் மாமியாரு கண்ணாடி முன்னால ரெண்டு தடவ அழச் சொல்லிப் பாத்தாக. அழுகையே வரல. இப்ப வருது பாருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு ஓடிப்போய் ஜீப்பில் தன் இடத்தில் ஏறிக்கொண்டாள்.

எட்டரைக்கு ஆறு ஜீப்பும் போய்விட்டன. விஜயகுமார் ஐந்து பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தொண்டை வறண்டு, வண்டியிலேயே படுத்துவிட்டார்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. முதல் காட்சியில் நாயகி நின்றபடி, நெஞ்சு உயரத்தில் இருக்கும் காயைப் பறித்துக்கொண்டே திரும்பிப் பார்க்க வேண்டும். செல்லக்கிளிக்குப் பதிலாகப் பவித்ராவை ஒரு செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் மலங்க மலங்க விழித்தாள்.

"எதப் பறிக்க?"

"காயப் பறிங்க" என்றான் மனோஜ்.

வேலுத்தாய் இடுப்பில் கை வைத்தாள். "அப்பு, நீ போடிக்காரப் புள்ளதான? இது என்ன தேயிலையா நின்னுக்கிட்டுக் கிள்ள? ஏலக்கா செடியோட காலடியில சரஞ்சரமாக் காய்க்கும். குத்தவச்சு உக்காந்து, மண்ணுல தேடி, பழுத்ததா பாத்து எடுக்கணும். மேல இருக்குறது வெறும் இலைதான்."

மனோஜின் காது சிவந்தது. போடியில் ஏலக்காய் மணக்காத தெரு கிடையாது. அந்த மணத்திலேயே வளர்ந்து, செடியை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் ஊரில் பாதிப் பேர். அவனும் அதில் ஒருத்தன்.

ரேணுகா லிஸ்டைப் பார்த்தாள். பதினாலு காட்சியில் ஒன்பது நின்றுகொண்டு எடுக்க வேண்டியது. பேனாவை எடுத்து ஒன்பதிலும் ‘நின்றபடி’ என்பதை அடித்தாள். "எல்லாம் உக்காந்துதான். கேமராவக் கீழ எறக்குங்க."

மதுரையிலிருந்து வந்த கேமராமேன் ஈர மண்ணில் குப்புறப் படுத்தார். கால்மணி நேரத்தில் ஆறு அட்டைப்பூச்சி காலில் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் அவர் போட்ட சத்தத்தில் இரண்டு ஷாட் வீண். யாரோ ஒருத்தி உப்புப் பொட்டலத்தை அவிழ்த்து அவர் காலில் தேய்த்துவிட்டாள். பவித்ராவோ கேமராவைப் பார்த்தாலே சிரித்தாள். பத்து தடவை எடுத்தும் பத்து தடவையும் சிரித்தாள். கடைசியில் வேலுத்தாய்தான், "இன்னொரு தடவ பல்லக் காட்டுன, திங்கக்கெழமை ஜீப்புல கால வைக்காத" என்று அதட்டினாள். பவித்ராவின் முகத்தில் அப்போது வந்த பயத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கதைக்கு அது பொருந்தியது.

மூன்றரைக்கு மஞ்சு இறங்கி மலையையே பனியாக மூடிவிட்டது. எட்டுக் காட்சி முடிந்திருந்தது, இன்னும் ஆறு பாக்கி.

"நாளைக்கு இதே நேரம் வந்துருங்க" என்றாள் ரேணுகா.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமல்ல? துணி தொவைக்க வேணாமா, சந்தைக்குப் போக வேணாமா?" என்றாள் வேலுத்தாய். "எங்க செட்டு ஞாயித்துக்கெழமை ஏறுனதே கெடையாது."

ரேணுகாவுக்கு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. "என்ன செஞ்சா வருவீங்க, சொல்லுங்க."

வேலுத்தாய் செட்டைத் திரும்பிப் பார்த்தாள். குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். "படம் முடிஞ்சதும் பேரு ஓடுமாமே. அதுல எங்க பதிமூணு பேரும் வரணும். இனிஷியலோட. நீ எழுதித் தா, அந்தத் தம்பி கையெழுத்துப் போடட்டும்."

"பதிமூணா? அதுல பாதிப் பேரு முகம் படத்துலயே வராதே!" என்றான் மனோஜ்.

"மொகம் வராட்டி என்ன, நாங்க வந்தோம்ல?"

மனோஜ் ரேணுகாவைப் பார்த்தான். அவள் லிஸ்டின் பின்பக்கத்தைத் திருப்பி ஏற்கனவே எழுத ஆரம்பித்திருந்தாள். ஜீப்பு ஓட்டுகிற சோலைமலை ஹாரனை அடித்தபடி, "அப்ப நான் ஓட்டுனது? எம் பேரு?" என்று கத்தினார். பதினாலு ஆனது.

மனோஜ் கையெழுத்துப் போடும்போது அவன் போன் அடித்தது. சென்னைத் தயாரிப்பாளர். இரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்தவன், "பாதிக்கு மேல எடுத்தாச்சு சார். ஆமா, காலைல கொஞ்சம் கொளறுபடி, இப்ப சரியாயிருச்சு" என்றான். கொஞ்சம் நிறுத்தி, ரேணுகாவைப் பார்க்காமலே, "இல்ல சார், ஒங்க மேனேஜரு வரவேணாம். இந்த மலையில அவரால ஒரு ஜீப்பக்கூட நிறுத்த முடியாது. அக்காவே பாத்துக்கிருவாங்க" என்றான்.

ரேணுகாவுக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. அம்மாவிடமிருந்து மூன்று மிஸ்டு கால், கேமராமேன் காலில் இன்னொரு அட்டை, நாளைக்கு ஆறு காட்சி.

"எத்தன மணிக்குக்கா ஜீப்பு?" என்றான் மனோஜ் மெதுவாக.

"ஆறு மணிக்கு. நீங்க அஞ்சே முக்காலுக்கே வந்து நில்லுங்க. ஒங்களுக்காக அவங்க காத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, உப்புப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டு கேமராமேனிடம் போனாள்.