களிமண் வளைவு

அக்கா அந்த அட்டைப் பெட்டியை மாமாவின் வேலை மேசையில் வைத்தபோது நான் ஜீப்பின் பின்கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி நல்ல கனம். மேசையில் சிதறிக் கிடந்த நட்டுகளெல்லாம் ஒருமுறை குதித்து உட்கார்ந்தன. ஏதோ ஒரு காரின் கார்பரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தவில்லை.

"இத ஜீப்புல மாட்டிக் குடுங்க" என்றாள் அக்கா.

என் கை நின்றுவிட்டது. அந்த வீட்டில் அவள் மாமாவிடம் நேராக ஒரு வார்த்தை சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எல்லாம் என் வழியாகத்தான் போகும். 'மாமாவ சாப்பிட வரச் சொல்லுடா', 'உங்க அக்காகிட்ட சாவி எங்கன்னு கேளு மாப்ள'. மூன்று பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்போம். அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் எழுந்திருப்பார். நாற்பது வயதில் கல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல் அக்கா வீட்டோடு ஒட்டிக்கொண்டவனுக்கு இந்தத் தபால்காரன் உத்தியோகமும் சேர்ந்து கிடைத்தது. இத்தனைக்கும் அவர்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் நாலு பேர் உட்கார்ந்து சமாதானம் பண்ணி வைக்கலாம். மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு அவர்களுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவுதான். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

மாமா கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு புது டிஃபரன்ஷியல், ஒரு சக்கரத்தை மட்டும் தனியாக வழுக்கிச் சுற்ற விடாத லிமிடெட் ஸ்லிப் வகை. கூடவே இரண்டு சின்ன பாட்டில்கள். அவர் அதைக் கையில் தூக்கி, ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பழைய வண்டி. உள்ள கைய வெச்சா ஒரிஜினல் போயிடும்."

"வெளிய தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? ஒவ்வொரு மழைக்கும் உங்களக் கூப்பிட்டு அலைய விட வேண்டியிருக்கு. இனிமே அது வேணாம்."

விஷயம் இதுதான். அக்கா மேட்டுக் காட்டில் தேன் பெட்டிகள் வைத்திருக்கிறாள். மழைக்காலத்தில் பூ இருக்காது. பாகு காய்ச்சிக் கொண்டுபோய் வைக்காவிட்டால் தேனீக்கள் பெட்டியை விட்டுப் போய்விடும். மேலே போக இருப்பது ஒரே மண் பாதை, அதில் ஒரு களிமண் வளைவு. ஜீப்போ என்னைவிட வயதில் மூத்தது. முன்சக்கர இழுவையை யாரோ எந்தக் காலத்திலோ கழற்றி விற்றுவிட்டார்கள், பின்சக்கரங்களை நம்பித்தான் பிழைப்பு. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகமாகவும் உள் சக்கரம் குறைவாகவும் ஓட வேண்டும். அதற்காக இரண்டையும் தனித்தனியே சுற்ற விடுகிற சாமான்தான் டிஃபரன்ஷியல். தார் ரோட்டில் அது நல்ல பிள்ளை. சேற்றில் அதற்குப் புத்தி மாறிவிடும். எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே எஞ்சினின் பலம் முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, தரையைப் பிடித்து நிற்கிற சக்கரத்தைப் பட்டினி போடும். மழை பெய்தால் அந்த வளைவில் ஜீப் மாட்டிக்கொள்ளும். அக்கா போன் பண்ணுவாள். மாமா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "இந்த அம்மாவுக்கு வேற வேலை இல்ல, எனக்கும் வேற வேலை இல்லன்னு நெனப்பு" என்று முணுமுணுத்தபடி நடப்பார்.

முணுமுணுப்பு உண்மைதான். ஆனால் மழை வரும்போலிருந்தால் அவர் காலையிலேயே ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதும் உண்மை. ஒருமுறை அவர் மண்வெட்டியை மறந்துவிட்டுப் போனார் என்று நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வளைவில் இரண்டு பேரும் ஜீப்பின் பம்பரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டே எதையோ சொல்ல, மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரியும். அந்த ஓட்டையைப் பார்த்தே எனக்கு வருஷக்கணக்காகிவிட்டது. என்னைக் கண்டதும் வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் மண்வெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அக்கா கேட்டுவிட்டாள், மாட்டாமல் இருக்க முடியாது. மாமா ஜீப்பைத் தாங்கிகளில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, ஆக்சில் தண்டுகளை உருவினார். பின்மூடியைத் திறந்ததும் கறுத்த பழைய எண்ணெய் பக்கெட்டில் கொழகொழவென்று இறங்கியது. பேரிங் மூடிகளைக் கழற்றுமுன் இடப்பக்க மூடியில் ஒரு புள்ளி, வலப்பக்க மூடியில் இரண்டு புள்ளி என்று உளியால் அடையாளம் வைத்துக்கொண்டார். இடம் மாறிப் போட்டால் பேரிங் நாளைக்கே போய்விடும். பழைய டிஃபரன்ஷியலிலிருந்து பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டினார். பற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை மெல்லிய வளையத் தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டு அளந்தார். பற்களில் மஞ்சள் பசை தடவிச் சுற்றிப் பார்த்தார். பல்லின் நடுவில் அச்சு விழும்வரை விடவில்லை. ஒரு நாள் முழுக்க இதே வேலை. மாமா தன் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்கிறவர் இல்லை. டீக்கு சர்க்கரைகூட கரண்டியைத் தட்டிச் சமன் பண்ணித்தான் போடுவார்.

எண்ணெய் ஊற்றுவது தவிர எல்லாம் முடிந்து, வண்டி தாங்கியில் நிற்கும்போதே அக்காவைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிட்டேன். அக்கா ஒரு பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். முன்பெல்லாம் ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். இப்போது இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்றின. அக்காவின் முகம் மலர்ந்துபோனது. மாமா அந்தப் பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் குப்பைக் கூடையில் அந்தச் சின்ன பாட்டில்கள் இரண்டும் காலியாகக் கிடந்ததைப் பார்த்தேன். அது கியர் ஆயிலோடு கலக்க வேண்டிய எண்ணெய். புது டிஃபரன்ஷியலுக்குள் வரிசையாகத் தகடுகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதால்தான் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றுகின்றன. திரும்பும்போது தகடுகள் கிறீச்சிடாமல் இருக்க இந்த எண்ணெய் கொஞ்சம் வேண்டும். அரை பாட்டில் போதும், மிச்சம் அடுத்தடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது ஊற்ற. அதற்கு மேல் போனால் தகடுகள் வழுக்கிப் பிடிப்பை விட்டுவிடும், புதுச் சாமான் பழைய சாமான் மாதிரியே நடந்துகொள்ளும். எனக்குத் தகரம் தட்டி பெயிண்ட் அடிக்கிற வேலைதான் தெரியும். ஆனாலும் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுக்க விடாத மழை. கொஞ்சம் வெறித்ததும் அக்கா பாகு கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மாமா பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து, இந்தத் தடவை நானும் கூடவே நடந்தேன்.

அக்கா பம்பரில் உட்கார்ந்திருக்கவில்லை. பின்சக்கரத்தின் பக்கத்தில் சேற்றிலேயே குத்துக்காலிட்டிருந்தாள்.

"ஒண்ணு சுத்துது, ஒண்ணு சும்மா நிக்குது" என்றாள். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். "அந்த பாட்டில் எவ்ளோ ஊத்துனீங்க?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. அந்த மாதிரி நேரத்தில் பேசாமல் இருந்துவிடுவார். இன்றைக்கும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

"ரெண்டையும்."

"அரை போதும்னு அதுலயே எழுதியிருக்கு."

"படிச்சேன்."

அக்கா எழுந்துகொண்டாள். கையிலிருந்து சேறு சொட்டியது.

"வேற எங்க நாம பேசுறோம்?" என்றார் மாமா. தோளிலிருந்த கயிற்றைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அதுக்கு என் தேன் பெட்டிங்கதான் கெடச்சுதா?"

அவ்வளவுதான். ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நடந்தாள். நான் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோது மாமா தனியாக மண்வெட்டியால் சக்கரத்தடியைத் தோண்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

மேலே இரண்டு பெட்டிகள் காலி. தேனீக்கள் போய்விட்டன, சட்டங்களில் எறும்பு வரிசை ஊர்ந்தது. மற்றவற்றில் உயிர் இருந்தது. அக்கா ஒவ்வொன்றிலும் பாகு வைத்து மூடினாள். காலிப் பெட்டிகளையும் உள்ளே யாரோ தூங்குவதுபோல் மெதுவாகத்தான் மூடினாள். அழுதாள் என்று சொல்ல மாட்டேன். மூடியைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டாள். இறங்கும்போது கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் திட்டிக்கிட்டேதானடா கெளம்புவாரு?"

"ஆமாக்கா."

"பின்ன அவருக்கு இங்க வரப் புடிக்கும்னு எனக்கு எப்பிடிடா தெரியும்?"

எத்தனையோ சேதிகளைச் சுமந்தவன் நான். இதை அவர்கள் இரண்டு பேருமே என்னிடம் கொடுத்ததில்லை. வளைவுக்கு வந்தபோது ஜீப் கரையேறி நின்றது. மாமா முட்டிவரை சேறாக, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஏறி ஓட்டினாள். மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்தும் எனக்குச் சேதி கொண்டுபோகிற வேலை ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா அந்த எண்ணெயில் புது பாட்டில் ஒன்று வாங்கி வந்தாள். மாமாவிடம் தரவில்லை. ஜீப்புக்குப் பின்னால் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மாமா மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, தகடுகளை ஒவ்வொன்றாகப் பெட்ரோலில் கழுவித் துணியில் துடைத்து அடுக்கினார். ஒவ்வொன்றையும் துடைத்ததும் அவள் பக்கம் நீட்டுவார். அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைப்பாள். கடைசியில் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, பாதியில் பேனாவால் கோடு போட்டு, அவளே ஊற்றினாள். கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினாள். மிச்சத்தை மாமாவின் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"மாப்ள, உங்க அக்கா..." என்று ஆரம்பித்தார் மாமா.

"நீங்களே போய்ச் சொல்லுங்க மாமா" என்றேன். அவர் போகவில்லை.

அடுத்த மழை விட்ட காலையில் ஜீப் மேட்டுக்குக் கிளம்பியது. மாமா பூட்ஸ் போட்டிருக்கவில்லை. எங்கள் பட்டறையிலிருந்து பார்த்தால் வளைவு தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். மாமா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் முடுக்காமல் நின்றார். எஞ்சின் முதல் கியரில் முக்கி முனகியது. இந்த இடத்தில்தான் எப்போதும் சக்கரம் வெறுமனே சுற்றி ஊளையிடும். ஊளை வரவில்லை. சத்தம் ஒரே சீராக வளைவைத் தாண்டி மேலே ஏறியது. மாமா ஸ்பேனரை மேசையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது எஞ்சின் நின்றது.

அது மாட்டிக்கொண்ட வண்டியின் சத்தம் இல்லை. சாவியைத் திருப்பி அணைத்த சத்தம். போன் மேசையில்தான் கிடந்தது, அடிக்கவில்லை. கேன் சாய்ந்திருக்கலாம், அதைச் சரி பண்ண நிறுத்தியிருக்கலாம். மாமா ஆணியில் தொங்கிய கயிற்றை நோக்கிப் போனார். அதைத் தொட்டார். பிறகு திரும்பி அடுக்களைக்குள் போய், பிளாஸ்க்கோடு வெளியே வந்தார்.

செருப்புக் காலோடு அந்தச் சேற்றில் அவர் நடந்து மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு ஆணியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதில் காய்ந்திருந்த களிமண் பொடிப்பொடியாகத் தரையில் உதிர்ந்தது.