ஹில்லேவி மேசையைக் குத்தவில்லை

1

இந்தக் கதை ஒரு கழிப்பறைக்குப் பின்னால் பிறந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இடம் இல்லைதான். அதற்காக வேறு இடத்தில் பிறந்ததாகப் பொய் சொல்ல முடியாது.

சுவீடனில் பனிச்சறுக்கு உலக சாம்பியன்ஷிப் நடந்த பியோர்க்வாலென் மைதானத்தில், வீராங்கனைகளுக்குச் சூடாக புளூபெர்ரி சூப் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. காலிக் கோப்பைகளைக் கொட்டப் போனேன். தற்காலிகக் கழிப்பறைக் கூண்டுக்குப் பின்னால், சுவீடன் அணியின் சட்டையில் ஒருத்தி பனியில் மண்டியிட்டுத் தன் சறுக்குப் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு உப்புத்தாள், தச்சர்கள் மரத்தை இழைக்கிற அதே தாள். பெண்கள் தொடர் சறுக்கு தொடங்க இன்னும் இருபது நிமிடம். நான்கு பேரில் முதலில் போக வேண்டியவள் அவள்தான்.

என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, "மன்னிச்சிக்கோ, வழிய மறிக்கிறேனா?" என்றாள்.

சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் வெறும் பனி. இதில் எந்த வழியை மறிப்பாள்?

அந்த மன்னிப்பைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது எல்லாம் அந்தக் கூண்டைச் சுற்றி நடந்ததுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவை.

2

முதல் தொடக்கம்: "வெண்பனிப் போர்வை போர்த்திய மலைகளின் மடியில்—"

ச்சீ. தினம் காலையில் மண்வாரியால் பனியை அள்ளி வாசலைத் திறக்கிறவள் யாரும் அதைப் போர்வை என்று சொல்லமாட்டாள்.

இரண்டாவது: "சிறுவயதிலிருந்தே ஹில்லேவியின் கண்களில் ஒரு தங்கக் கனவு—"

யார் கண்ணில்தான் இல்லை?

மூன்றாவது. இது நிற்கட்டும்: ஹில்லேவிக்கு முப்பத்துநான்கு வயது. நான்கு உலகப் போட்டிகளில் மாற்று ஆளாக, மற்றவர்களின் மேல்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள். ஐந்தாவதில் ஒருத்திக்கு முழங்கால் போனதால் இவளுக்கு இடம் கிடைத்தது. இனி இப்படி ஒரு நாள் வராது. உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு இறக்கிய தூண்டிலைப் பார்ப்பதுபோல் அவள் அப்பா வீட்டில் தொலைக்காட்சியை முறைத்துக்கொண்டு—

[அப்பா வேண்டாம். பந்தயத்தில் அவருக்கு வேலை இல்லை.]

3

அன்று காலை வெப்பமானி பூஜ்யத்தில் நின்றது. ஈரப் பனி கொட்டியது.

[பலகையின் நடுவில், காலடிக்கு நேர்கீழே, இரண்டு மூன்று சாண் நீளத்துக்கு மெழுகு பூசுவார்கள். உந்தும்போது அது பனியைப் பிடிக்க வேண்டும், வழுக்கும்போது விட வேண்டும். பூஜ்யத்தில் எந்த மெழுகுக்கும் புத்தி பேதலித்துவிடும். ஒன்று பிடிக்காது, இல்லை விடவே விடாது. விளக்கம் முடிந்தது. இனி கேட்காதீர்கள்.]

ஹில்லேவி விடிந்ததுமே ஒரு பயிற்சிப் பலகையை உப்புத்தாளால் தேய்த்துச் சறுக்கிப் பார்த்திருந்தாள். மெழுகே வேண்டாம், அடியைச் சொரசொரப்பாக்கினால் போதும். பறந்தது. அதைச் சொல்லத்தான், அணியின் பலகைகளுக்கு மெழுகு பூசுகிற லாரிக்குள் போனாள்.

உள்ளே கூட்டம். மேசை, காபி, பட்டை மணக்கும் சுருள் ரொட்டி. எல்லோரும் ஒருமுறை பேசி முடிக்காமல் யாரும் இரண்டாம் முறை பேசக்கூடாது.

"பசை மெழுகு போட்டா தேவலைன்னு தோணுது," என்றார் ஸ்தூரே, முப்பது வருடமாக மெழுகு பூசுகிறவர். "போட்டே ஆகணும்னு நான் சொல்லலை."

சோதனைகளைப் பார்த்துக்கொள்கிற தெக்லா மடிக்கணினியைத் திருப்பினாள். "என் சோதனையில கட்டி மெழுகுதான் முன்னால நிக்குது. ஆனா ஸ்தூரே, நீ சொல்றதுலயும் ஒரு இது இருக்கு."

"உன் சோதனையிலதான் நிறைய இருக்கு."

"அய்யோ இல்ல, உன் அனுபவம் முன்னால இதெல்லாம்…"

பயிற்சியாளர் பெர்னில்லா ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். "யார் மனசும் நோக வேண்டாம். அடியில பசை, மேல கட்டி. பாதிக்குப் பாதி. ஹில்லேவி, உனக்குச் சரியா?"

(இந்த ஊரில் பயிற்சியாளரானாலும் பிரதமரானாலும் எல்லோரும் வெறும் பெயர்தான், எல்லோரும் 'நீ'தான். 'ஸ்தூரே அண்ணே' என்று எழுதக் கை அரித்தது, அடக்கிக்கொண்டேன். நீ என்று அழைத்துக்கொள்கிறவர்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள் என்று வந்த புதிதில் நம்பியிருந்தேன்.)

ஹில்லேவி மேசையை ஓங்கிக் குத்தினாள். காபிக் கோப்பைகள் துள்ளி—

[இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் குத்தவில்லை.]

ஹில்லேவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "உங்க மெழுகைக் கொண்டுபோய்—"

[இதையும் அடித்தாயிற்று.]

நடந்தது இதுதான். வாயைத் திறந்தாள். 'ஷூப்' என்று மூச்சை உள்ளே இழுத்தாள். அவளுடைய வடக்குச் சீமையில் ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். அவளும் ஆமாம் என்றுதான் இழுத்தாள்.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்," என்றாள் பெர்னில்லா. எல்லோருக்கும் இன்னொரு ரொட்டி.

4

இந்த இடத்தில் மூன்று நாள் எழுதாமல் கிடந்தேன். நான் கட்டிய பெண், நான் கொடுத்த வாய். பேசினால் என்ன? முடிவெடுத்துவிட்டுக் கடைசி நாற்காலிக்காரியிடம் "உனக்குச் சரியா?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு முறையும் கத்தியிருக்கிறேன். இப்போது சூப் ஊற்றுகிறேன்.

நான்காம் நாள், தாளில் இருக்கிறவளையே கேட்டேன். "ஏண்டி கத்தலை?"

"கத்தினா ஸ்தூரே முகம் ஒரு வாரத்துக்கு விழுந்து கிடக்கும்."

"உன் பந்தயம் போகுதேடி!"

"போகட்டும்னு நான் சொல்லலையே. யாரையும் நோகடிக்காம காப்பாத்த வழி இருக்கான்னு பாக்கறேன்."

"என்ன வழி?"

"நீ பாத்தியே, அந்தக் கழிப்பறை. அது எந்தப் பக்கம்?"

5

கூண்டுக்குப் பின்னால் அவள் சுரண்டச் சுரண்ட, பாதிக்குப் பாதி மெழுகு சுருள் சுருளாகப் பனியில் விழுந்தது. நான் கோப்பைகளோடு நின்றேன். கூண்டின் மறுபக்கத்திலிருந்து பூட்ஸ் சத்தம். ஸ்தூரே வந்தார்.

தன் மெழுகு பனியில் கிடப்பதை நின்று பார்த்தார். ஹில்லேவி உப்புத்தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். முப்பத்துநான்கு வயதில்.

"எத்தனாம் நம்பர் தாள் அது?" என்றார்.

"நூறு."

"நூறு பத்தாது. வழவழன்னு போயிடும்." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். எண்பது, இன்னும் சொரசொரப்பு. ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது.

ஹில்லேவி தாளையும் அவரையும் பார்த்தாள். "நீயும் தேய்ச்சுப் பாத்தியா?"

"காலையிலேயே. பறந்துச்சு."

"அப்புறம் ஏன் பசைன்னு சொன்ன?"

"தெக்லா மூணு நாளா ஒவ்வொரு மெழுகாச் சோதிச்சுக்கிட்டிருக்கா. மெழுகே வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?"

"அவளுக்கு இது தோணலையாமா?"

ஸ்தூரே செருமினார். "அவ பையிலயும் ஒரு உப்புத்தாள் இருக்கு. காபிப் பொடி தேடுறப்ப பாத்தேன்."

"நாம கழுதைங்களா, ஸ்தூரே?"

"கழுதை கூட்டம் போடாது. தேய்."

தேய்த்தாள். முடித்து ஊதித் துடைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "எனக்கு அடுத்து அன்னெலி போறாளே. அவ பலகை?"

"பாதிக்குப் பாதி."

"பனி ஒட்டிக்கிட்டு, குதிகால் உசந்த செருப்பு போட்ட மாதிரி நிப்பா. மெழுகை எடுத்துடலாம், நேரம் இருக்கு."

ஸ்தூரே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவ பலகை தெக்லா பொறுப்பு. அதுக்கு இன்னொரு கூட்டம் போடணும்."

6

தொடக்கக் கோட்டுக்கு வலது பக்கம் போக வேண்டும். ஹில்லேவி பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இடது பக்கம் நடந்தாள். கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்ற மெழுகு லாரியின் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே 'டொம்' என்று ஒரு சத்தம்.

முடிவு ஒன்று: கைமுட்டி மேசையில் இறங்கியது. கோப்பைகள் துள்ளின. நான்கு பேரும் தங்கத்தோடு— [வேண்டாம். எனக்கே நம்பிக்கை இல்லை.]

முடிவு இரண்டு: தோளில் இருந்த பலகை காபிக் குடுவையைத் தட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, துடைத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே— [இதை எழுதினால் என் கையை நானே உடைத்துக்கொள்வேன்.]

பந்தயத்தில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நீங்களும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, பெயர்களை நான்தான் வைத்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பதக்கம் கொடுப்பதென்றால் நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தை மட்டும் யாரும் எடுத்துவிடக் கூடாது.

இன்னும் ஒன்று பார்த்தேன், அதையும் தந்துவிடுகிறேன். வெளியே வந்தவள் நேராக என் மேல் மோதினாள். காலிக் கோப்பைகள் அத்தனையும் சிதறின. மன்னிப்புக் கேட்காமல் ஓடினாள். அவசரமாக இருந்திருக்கலாம். வலது கையை இடது கக்கத்துக்குள் இறுக்கிச் செருகியிருந்தாள். குளிராக இருந்திருக்கலாம். ஆனால் அன்று பூஜ்யம்தான், அந்த ஊர்க்காரர்களுக்கு அது குளிரே இல்லை.

தலைப்பு இப்படியே இருக்கட்டுமா?