வீட்டிலிருந்தே காவல்

பேருந்திலிருந்து இறங்கும்போது சேத்தியாத்தோப்பில் கால் முறிந்தது. விடுப்பில் வந்திருந்த சிப்பாய் கொளஞ்சியப்பனுக்குப் பதினைந்து வருட சர்வீஸ் முடிய இன்னும் நாற்பது நாள் இருந்தது. அது முடியாவிட்டால் பென்ஷன் இல்லை. நாற்பது நாள் நடக்கவே கூடாது என்றார் டாக்டர்.

2009இல் ராணுவ மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: வீட்டிலிருந்தே காவல் பார்க்கவும்.

வடக்கே மலைமேல் இருந்த அவனது முகாமின் ஸ்டோர் கேட்டில் ஒரு செல்போனைக் கட்டினார்கள். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை சிதம்பரத்து வீட்டில் கொளஞ்சியப்பன் சீருடையோடு ஊன்றுகோலில் நின்று, போனில் காலடிச் சத்தம் கேட்டால் ‘தம்! கௌன் ஆதா ஹை?’ (நில்! யார் வருவது?) என்று இந்தியில் அதட்ட வேண்டும். மாவுக்கட்டின் மேல் பேண்ட் ஏறவில்லை. அதைக் கிழிக்க அனுமதி கேட்டு எழுதினான். பதில் வரும்வரை மேலே சட்டை, பெல்ட், தொப்பி, கீழே வேட்டி.

பன்னிரண்டாம் நாள் பகலில் சத்தம் கேட்டது. அதட்டினான். அதற்குள் மனைவி புஷ்பவள்ளி எட்டிப் பார்த்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று, வழக்கம்போலக் குரல் கொடுத்தாள்.

“வாங்க வாங்க! சாப்ட்டீங்களா?”

போனுக்குள் ஒருவன் ஓவென்று அழுதான்.

“அக்கா, நான் செம்பியன். காடாம்புலியூர். பட்டாளத்த விட்டு ஓடிப்போறேங்க்கா. ரெண்டு மாசமா இப்புடி யாருமே கேக்கல.”

“வெறும் வயித்தோட எங்கப்பா ஓடுவ? போய் சாப்புடு. நாளைக்கும் வா, பேசலாம்.”

பையன் திரும்பிப் போய்விட்டான்.

“ரிப்போர்ட் பண்ணணும்டி,” என்றான் கொளஞ்சியப்பன். “மறைச்சா என் நாளெல்லாம் போயிடும்.”

“பொய் சொல்லச் சொன்னனா? உள்ளதச் சொல்லுங்க. அந்தப் புள்ளைக்காகவும் ரெண்டு வார்த்த சொல்லுங்க.”

நடராஜரை நினைத்துக்கொண்டு, அதிகாரி அழைத்தபோது நடந்ததைச் சொன்னான்.

“அவனை விட்டுடுங்க சார். தண்டனைன்னா என் நாள்ல கழிச்சுக்குங்க.”

அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார்.

“தடுத்தது யார்?”

“என் வீட்டம்மா, சார்.”

“அப்படியானால் இன்று காவல் பார்த்தது நீ இல்லை. ஒரு நாள் கழிவு. பையன்மேல் குற்றமில்லை.”

நாற்பதாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். குணமானவனுக்கு வீட்டுக் காவல் கிடையாது. பாக்கியிருந்த ஒரே ஒரு நாளுக்காகக் கொளஞ்சியப்பன் மூன்று நாள் ரயிலில் போய், மலையேறினான். மடியில் செம்பியனுக்கு அவன் அம்மா கொடுத்துவிட்ட முந்திரி.

அன்று கேட்டுக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. செம்பியன் மட்டும் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தான்.

“கால் நோவும், ஒக்காருங்கண்ணே.”

“டூட்டியில ஒக்காரக் கூடாதுடா.”

“அப்ப நானும் நிக்கிறேன்.”

நாற்காலியை நடுவில் போட்டுவிட்டு இருவரும் இரண்டு மணிவரை அதைக் காவல் காத்தார்கள். பதினைந்து வருடம் முடிந்தது.